கோழி எரு வாங்கும் முன் தீவனத்தைக் கேளுங்கள்

காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களில் ஏரித் தண்ணீரை நம்பி நெல் நடும் விவசாயிகளே, மாட்டெரு கிடைக்காத இடத்தில் கோழி எரு நல்ல மாற்று. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்தது. ஆனால் கோழி தின்ற தீவனத்தில் என்ன கலந்திருந்ததோ, அதன் மிச்சம் எருவிலும் இருக்கும்.

ராக்சார்சோன் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீனாலோடு ஆர்சனிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கி, கிடைப்பதை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்து இதைத் தயாரிக்கிறார்கள். இதன் எடையில் கால் பங்குக்கு மேல் ஆர்சனிக், அதாவது நம் பெரியவர்கள் பாஷாணம் என்று சொன்ன பொருள். இரத்தக் கழிச்சலைத் தடுக்கவும் எடை கூட்டவும் அமெரிக்காவில் 1944 முதல் இதைக் கோழித் தீவனத்தில் சேர்த்தார்கள். மருந்து கொடுத்த கோழிகளின் ஈரலில் நச்சு மிகுந்த கனிம ஆர்சனிக் கூடியிருப்பது தெரிந்ததும், 2011-ல் விற்பனை நிறுத்தப்பட்டது. 2013-ல் அங்கே அனுமதியும் திரும்பப் பெறப்பட்டது.

கோழி தின்ற இம்மருந்தின் பெரும்பகுதி மாறாமல் எச்சத்தில் வெளியேறுகிறது. ஈரமான எருக்குவியலில் நுண்ணுயிர்கள் சில வாரங்களிலேயே இதைக் கனிம ஆர்சனிக்காக மாற்றிவிடுகின்றன. நன்றாக மக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். மக்கினால் மருந்து சிதையும், ஆர்சனிக் சிதையாது. போகம் போகமாக இறைத்தால் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

இதில் நெல்லுக்குத்தான் ஆபத்து அதிகம். தண்ணீர் தேங்கிய வயலில் மண்ணோடு ஒட்டியிருக்கும் ஆர்சனிக் கரைந்து வெளிவருகிறது. சிலிக்காவை உறிஞ்சும் அதே வழியில் நெல்லின் வேர் அதையும் உறிஞ்சுகிறது. அரிசியைவிட வைக்கோலில் அதிகம் தங்குகிறது. அந்த வைக்கோலைத்தான் நம் மாடு தின்கிறது. தீட்டிய அரிசியில் கனிம ஆர்சனிக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத்தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு.

எரு வாங்கும்போது பண்ணையாளரிடம் தீவன மூட்டையின் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். ராக்சார்சோன், ஆர்சனிலிக் அமிலம், நைட்டார்சோன் என்ற பெயர்கள் இருந்தால் அந்த எரு வேண்டாம். சந்தேகம் இருந்தால் நெல் வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வையுங்கள். தண்ணீர் மிச்சமாகும், பயிர் ஏற்கும் ஆர்சனிக்கும் குறையும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒன்று. மண்வள அட்டையின் 12 பரிசோதனைகளில் ஆர்சனிக் இல்லை. அட்டை நன்றாக இருப்பதை வைத்து மண்ணில் நஞ்சில்லை என்று சொல்லிவிடாதீர்கள். தொடர்ந்து கோழி எரு இறைக்கும் வயல்களின் மண்ணைக் கன உலோகப் பரிசோதனை வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

தீவனத்தில் சேர்க்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் மூட்டையில் தமிழிலேயே அச்சிட வேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும். எருவைக் காசு கொடுத்து வாங்கும் விவசாயிக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை உண்டு.