நிறப் பார்வை: அளவுகோல் சரியாக இருக்கட்டும்

சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரித்தறிய முடியாத ஒருவர் விமானி ஆகலாமா? கூடாது என்பதே பெரும்பாலோரின் பதிலாக இருக்கும். நூற்றுக்கணக்கான பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட பணியில் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், குறைபாடு இருக்கிறதா என்று கண்டறிவது வேறு. அது விமானம் ஓட்டத் தடையாகும் அளவுக்கு இருக்கிறதா என்று அளப்பது வேறு. தில்லியிலுள்ள சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் கொள்கை இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதாக அமைய வேண்டும்.

பயணிகள் விமானம் ஓட்ட முதல் வகுப்பு மருத்துவச் சான்று கட்டாயம். அதற்கான பரிசோதனையில், வண்ணப் புள்ளிகளுக்கிடையே மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டைகளுக்கு முக்கிய இடம் உண்டு. ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட இந்த முறை, குறைபாட்டைக் கண்டுபிடிப்பதில் திறமையானது. ஆனால், அது எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை நம்பகமாகச் சொல்லாது. அட்டைத் தேர்வில் தவறுபவரும் விமானப் போக்குவரத்தில் பயன்படும் வண்ண விளக்குகளைச் சரியாக இனங்காண முடிந்தால் தகுதி பெறலாம் என்றே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியும் கூறுகிறது.

இரண்டாவது தேர்வு பலவீனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2002 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் டல்லஹாசி நகரில் நேர்ந்த விபத்து எச்சரிக்கை. விடியலுக்கு முன் தரையிறங்க முயன்ற ஃபெட்எக்ஸ் சரக்கு விமானம், ஓடுபாதைக்கு முன்பாகவே மரங்களில் மோதி நொறுங்கியது. விமானிகள் மூவரும் காயங்களுடன் உயிர் தப்பினர். விமானம் தாழ்வாக வருவதைச் சிவப்பு நிறத்தால் உணர்த்தும் ஓடுபாதை விளக்குகளைத் துணை விமானி சரிவர இனங்காண முடியாமல் போனது, சோர்வு உள்ளிட்ட காரணங்களோடு விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது. அவர் அட்டைத் தேர்வில் தவறி, பழைய விளக்குத் தேர்வில் தேறியவர்.

ஆக, பழைய தேர்வுகள் தகுதியுள்ளவரைத் தள்ளிவிடவும் கூடும். தகுதியற்றவரை உள்ளே விடவும் கூடும். லண்டன் சிட்டி பல்கலைக்கழகம் உருவாக்கிய கணினித் தேர்வு இதற்கு விடை தேடியது. விமானப் பணிக்குத் தேவையான நிறப் பார்வையை அளந்து வரம்பு வகுத்தபோது, குறைபாடுள்ளவர்களில் ஏறத்தாழ 35 சதவீதத்தினர் பாதுகாப்பாகப் பறக்கத் தகுதியானவர்கள் என்று பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் 2009-ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது. அமெரிக்காவும் 2025 ஜனவரி 1 முதல் புதிய விண்ணப்பதாரர்களுக்குக் கணினித் தேர்வைக் கட்டாயமாக்கியது.

நமது உச்ச நீதிமன்றமும் நிறப் பார்வைக் குறைபாட்டை ஒட்டுமொத்தத் தடையாக ஏற்கவில்லை. புணே திரைப்படக் கல்லூரியில் இக்குறைபாடுள்ளவர்களைத் தவிர்க்கக் கூடாது என்று 2022-இல் கூறியது. தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்டவருக்கு 2023-இல் நியாயம் வழங்கியது. 2025-இல் தெலங்கானா பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு மாற்றுப் பணி தர உத்தரவிட்டது. அவரை மீண்டும் பேருந்து ஓட்டச் சொல்லவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பாதுகாப்பும் நியாயமும் ஒன்றையொன்று விலக்குவதில்லை.

எனவே, நிறப் பார்வையைத் துல்லியமாக அளக்கும் கணினித் தேர்வு முதல் வகுப்புப் பரிசோதனை நடைபெறும் மையங்கள் அனைத்திலும் கிடைக்க வேண்டும். தேர்ச்சிக்கான வரம்பு வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். தகுதி மறுக்கப்படுவோருக்குக் காரணம் எழுத்துமூலம் தரப்பட்டு, மறுபரிசோதனைக்கு வழி இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சிப் பள்ளிகள் கட்டணம் பெறுவதற்கு முன்பே மாணவரின் நிறப் பார்வை முழுமையாகப் பரிசோதிக்கப்படுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். வணிக விமானி உரிமம் பெறப் பல பத்து லட்சம் ரூபாய் செலவாகிறது. நிலத்தை விற்றும் வீட்டை அடமானம் வைத்தும் அனுப்பும் பெற்றோர், மகனால் விமானி ஆக முடியாது என்பதைப் பணம் கரைந்த பிறகு அறிய நேர்வது கொடுமை. பிறவியிலேயே அமைந்த குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சொல்லத் தடையேதும் இல்லை.