இறுகிப் போகும் தழும்பு... எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள்!

"டாக்டர், பாப்பாவுக்கு நெத்தியில சின்னதா ஒரு கோடு. எங்கேயோ இடிச்சுக்கிட்டா போல. தானா மறைஞ்சுடும்னு விட்டுட்டோம்" என்றார் அந்த அம்மா.

ஒன்பது வயதுச் சிறுமி. புருவத்துக்கு மேலே தொடங்கி, தலைமுடிக்குள் போய் மறைகிற பள்ளமான கோடு. கத்தி கீறி ஆறின தழும்பு மாதிரி பளபளப்பு. கோடு போன வழியில் முடி கிடையாது. விரலால் கிள்ளி மடித்துப் பார்த்தேன், தோல் மடியவில்லை. எட்டு மாதமாக, வெண்புள்ளி என்று நினைத்துக் கார்போகி அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் உட்கார வைத்திருக்கிறார்கள். கார்போகி பூசின இடத்தில் வெயில் பட்டால் கொப்பளித்துவிடும். வெண்புள்ளிக்கே வைத்தியர் பார்த்து, அளவோடு செய்ய வேண்டியது அது.

நான் மருந்து எழுதவில்லை. தோல் நிபுணருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். "உங்களை நம்பித்தானே வந்தோம்?" என்று அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. சித்த வைத்தியரே இப்படிக் கையை விரிக்கலாமா என்று உங்களுக்கும் தோன்றலாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அந்த நோயின் பெயர் மார்ஃபியா. (வலிக்குப் போடுகிற மார்ஃபின் ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) தோல் இறுகும் நோயான ஸ்கிளீரோடெர்மாவில், உடம்பின் ஒரு பகுதியோடு நின்றுவிடுகிற வகை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறித் தோலைத் தாக்குகிறது. கொலாஜன் என்ற நார்ப்பொருள் அளவுக்கு மேல் சேர்ந்து, தோல் தடித்து இறுகிவிடுகிறது. ஏன் தொடங்குகிறது என்பதற்கு முழு விடை கிடைக்கவில்லை. சிலருக்கு அடிபட்ட இடத்தில் வரும். மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் வந்ததும் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். தொற்றாது. கத்தரிக்காய், கருவாடு சாப்பிட்டதால் வந்ததும் இல்லை.

குஷ்டமோ என்று பயந்து ஒளித்து வைக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. இதில் எங்கள் நூல்களுக்கும் பங்கு உண்டு. 18 வகைக் குட்டம் என்று பலவிதத் தோல் நோய்களையும் ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் படித்தபோதே அந்தச் சொல் என்னை உறுத்தியது. சரி, வித்தியாசம் எப்படித் தெரியும்? வெண்புள்ளியில் நிறம்தான் போகும், தோல் மெத்தென்றே இருக்கும். தொழுநோய்த் தேமலில் பெரும்பாலும் உணர்ச்சி குறையும். மார்ஃபியாவில் தோல் இறுகும். தந்த நிறத்தில் மினுங்கும். புதிதாகப் பரவும்போது ஓரத்தில் ஊதாச் சாயல் தெரியும். ஆனால் நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் துளி தோல் எடுத்து பயாப்ஸி. ரத்தப் பரிசோதனை மட்டும் இதைச் சொல்லாது.

பெரியவர்களுக்கு வயிற்றிலோ முதுகிலோ வட்டமாக வந்தால் அதிகம் பதற வேண்டாம். பூசுமருந்து, புற ஊதாக் கதிர் சிகிச்சை என்று இருக்கிறது. பலருக்குச் சில வருடங்களில் தானே இளகி, பழுப்புக் கறையாக நின்றுவிடும்.

குழந்தைகளுக்குக் கோடாக வருகிறதே, அதுதான் எனக்குக் கவலை. கை, காலில் வந்தால் தோலோடு நிற்காமல் தசைக்கும் எலும்புக்கும் இறங்கலாம். மூட்டு மடங்கிப் போகும்; வளர்கிற வயதில் ஒரு கால் குட்டையாகிவிடும். நெற்றியிலும் முகத்திலும் வந்தால் வலியே இல்லாமல் கண்ணுக்குள் அழற்சி வரலாம். சிலருக்குத் தலைவலி, வலிப்பு. அதனால்தான் கண் டாக்டரையும் பார்க்கச் சொல்கிறார்கள்; சில சமயம் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கிறார்கள். குட்டையான காலை எந்தத் தைலமும் நீட்டாது.

இதற்குப் பலன் தெரிந்த மருந்து மெத்தோட்ரெக்சேட். தொடக்கத்தில் கூடவே ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஈரல் கெடாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில் டாக்டருக்குத் தெரியாமல் பற்பம், செந்தூரம், சூரணம் என்று உள்ளே தள்ளினால், ஈரலைக் கெடுத்தது எது என்று யார் கண்டுபிடிப்பது? என் சகாக்கள் சிலருக்கு நான் இப்படி எழுதுவது பிடிக்காது. பரவாயில்லை.

வறண்ட இடத்தில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். மூட்டருகே இருந்தால் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை விடாதீர்கள். எங்களிடமும் வாருங்கள், மலச்சிக்கலுக்கோ பசியின்மைக்கோ. வரும்போது இங்கிலீஷ் மருந்துச் சீட்டையும் கொண்டு வாருங்கள்.

அந்தச் சிறுமிக்கு இப்போது பதினொன்று. பள்ளம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நீளவில்லை. போன மாதம் அம்மாவின் சளிக்காகக் கூட வந்திருந்தாள். "கண்ணு செக்கப் போனியாடா?" என்று கேட்டேன். "அடுத்த வாரம் டாக்டர்" என்றாள், முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிக் காட்டியபடி.