கிருமியின் வகையறிதல்

எம் ஊராகிய செஞ்சியின் கோட்டையை முகலாயர் படை 1690ஆம் ஆண்டில் முற்றுகையிட்டு, ஏறக்குறைய எட்டாண்டு அடிவாரத்தில் தங்கியிருந்து, 1698இல் கைக்கொண்டது. வந்து சென்ற படைகள் பல. நீங்காது தங்கிய படையே கோட்டையைக் கொண்டது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகிய பாப்பிலோமா வைரஸின் இயல்பும் இத்தன்மைத்தே.

இவ்வைரஸ் ஒன்றன்று, இருநூற்றுக்கு மேற்பட்ட வகையினது. அனைத்தும் நம் உயிரணுவின் கருவிகளைக் கொண்டே தம்மைப் படியெடுத்துப் பெருகுவன. ஆயினும் பெருகும் முறையில் வேற்றுமை பெரிது. 6, 11ஆம் வகைகள் பெரும்பாலும் மருக்களை உண்டாக்குவதோடு அமையும். 16, 18ஆம் வகைகளோ இ6, இ7 என்னும் இரு புரதங்களால் உயிரணுவின் காவற் புரதங்களை வன்மையாக அழிப்பன. புற்றுக் கட்டிகளில் 18ஆம் வகை ஏறத்தாழ எப்பொழுதும் நம் மரபணுத் தொடரோடு பிணைந்தே காணப்படும். 16ஆம் வகை சிலரிடத்துப் பிணையாது தனித்தும் நிற்கும். உலகிற் காணும் கருப்பைவாய்ப் புற்றுக்களில் நூற்றுக்கு 70 அளவிற்கு இவ்விரண்டுமே காரணமாம். 16ஆம் வகையை 1983இல் வெளிப்படுத்திய ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சுர் ஹவுசன் 2008இல் நோபெல் பரிசு பெற்றார்.

இவ்வகையறிவால் பயன் யாது எனின், முதலாவது, வீண் அச்சம் ஒழிதல். ஆண் பெண் இருபாலாரிலும் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் பற்றும் தொற்று இது. பெரும்பாலும் இரண்டாண்டிற்குள் தானே நீங்கும். நீங்காது பல்லாண்டு தங்குவதே புற்றாக மாறவல்லது. ஆகலின் தொற்றுக் கண்டமை ஒருவரது ஒழுக்கத்திற்கு இழுக்குமன்று, மரணத் தீர்ப்புமன்று.

இரண்டாவது, வீண் துணிவு ஒழிதல். 2022இல் அனுமதி பெற்ற இந்தியத் தடுப்பூசி 6, 11, 16, 18 என்னும் நான்கு வகைகளையே குறித்தது. புற்று விளைக்கும் பிற வகைகளும் உளவாதலின், ஊசியிட்டுக்கொண்ட பெண்ணும் உரிய வயதில் சோதனை செய்துகொள்ளல் வேண்டும்.

சோதனை எளியது. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் சோதித்தனர். கருப்பைவாயில் காடிநீர் தடவிக் கண்ணாற் காணுதலே அச்சோதனை. சோதிக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட, ஏழாண்டுகளில் இந்நோயால் இறப்பு நூற்றுக்கு 35 குறைந்ததென 2007இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது.

இத்துணை எளிய வழியிருந்தும் எம் ஊர்த் தாய்மாரை நாணம் தடுக்கின்றது. இத்தகைய பொருள் கல்லூரி இதழுக்கு ஏற்றதன்று என்பாரும் உளர். பூவின் பருவங்களுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஏழு பெயர் வகுத்த தமிழில், தாயின் நோய்க்கு வீட்டில் வழங்க ஒரு சொல் இல்லாதிருத்தல் முறையாகுமோ? சொல் உளது; சொல்லும் வாய்தான் இல்லை. தமிழ் கற்கும் நாமே அக்குறையை நீக்குதற்கு உரியோம். விடுமுறைக்கு இல்லம் செல்லும் மாணவ மாணவியர், இதனை அன்னையரிடமும் அக்கைமாரிடமும் கூசாது எடுத்துரைத்து, அவர்களை அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோமாக.