தறி ஓயும் காலத்தில் வீட்டு வரி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகரங்களில் வாழும் நம் அங்கத்தினர் பலருக்கு, குடியிருக்கும் வீடு ஒன்றே சொத்து. நெசவாளிக்கு அதுவே தறிக்கூடம்; விவசாயிக்கு அதுவே விளைபொருளைச் சேர்த்து வைக்கும் இடம். ஆகவே வீட்டு வரி உயர்ந்தால், அதன் பாரம் குடும்பத்தின் மீதும் தொழிலின் மீதும் ஒருங்கே விழுகிறது.

வரியே கூடாது என்பது நம் வாதமன்று. சாலையும் சாக்கடையும் தெருவிளக்கும் வேண்டுமாயின் நகராட்சிக்கு வருமானம் வேண்டும். 2008-க்குப் பின் நெடுங்காலம் வரி மாற்றப்படவில்லை. 2018-இல் அறிவித்த உயர்வும் 2019-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் பதினைந்தாவது நிதிக்குழு, மானியம் பெற விரும்பும் மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை நிர்ணயிக்க வேண்டும் என நிபந்தனை விதித்தது. அதையொட்டி 2022 ஏப்ரலில் நகராட்சிப் பகுதிகளில் குடியிருப்புகளின் வரி உயர்த்தப்பட்டது. 600 சதுர அடி வரை 25 சதவீதம்; 1,200 வரை 50; 1,800 வரை 75; அதற்கு மேல் 100. தொழிற்கூடங்களுக்கு 75 சதவீதம்.

சிறு வீட்டுக்குச் சிறு உயர்வு என்னும் நோக்கம் நியாயமானதே. ஆனால் நெசவாளியின் வீட்டை இந்த அளவுகோல் சரியாக அளக்கவில்லை என்பது நம் அபிப்பிராயம். பழைய வரி அரையாண்டுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 600 அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு அது 500 ஆகும். தறிக்காகப் பின்புறம் ஒரு தாழ்வாரம் இறக்கியதால் 600 அடியைத் தாண்டிய வீட்டுக்கோ 600 ஆகும். அந்தத் தாழ்வாரம் செல்வத்தின் அடையாளமா? பிழைப்புக்கான இடமல்லவா? அதைத் தொழிற்கூடம் என்று குறித்துவிட்டால் சுமை இன்னும் கூடும்.

உயர்வு வந்த காலத்தையும் கருத வேண்டும். 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. 2023 ஜூலையில் தமிழ்நாட்டு நூற்பாலைச் சங்கங்கள் உற்பத்தி நிறுத்தம் அறிவிக்கும் நிலை ஏற்பட்டது. ஆலை ஓய்ந்தால் கூலி குறையும், குடிக்கூலி நிலுவையாகும், வீட்டை விற்க நினைத்தாலும் வாங்குவோர் கிடைப்பது அரிது. வரிச் சீட்டு மட்டும் தவணை தவறாமல் வருகிறது.

மந்தகாலத்தில் மதிப்பைத் திருத்தாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் ஓர் எச்சரிக்கை. 2008-ஐ ஒட்டி அங்கே வீட்டு விலைகள் வீழ்ந்தன. வரி மதிப்போ அதற்கேற்பக் குறைக்கப்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் வரிப் பாக்கிக்காக வீடிழந்தனர். நகர் முழுவதும் மறுமதிப்பீடு செய்யப்பட்டது 2017-இல்தான். அதற்குள் இழந்தவர்கள் இழந்துவிட்டனர்.

எனவே நாம் கோருவன மூன்று. வீட்டுக்குள் குடும்பத்தாரே நெய்யும் தறியிடத்தைக் குடியிருப்பாகவே கொள்ள வேண்டும்; அதன் பரப்பைக் கொண்டு வீட்டை மேல்படிக்குத் தள்ளலாகாது. தொழில் மந்தமான அரையாண்டில் தவணையாகச் செலுத்த அனுமதித்து, தாமதத்துக்கான மாதம் 1 சதவீத வட்டியை விலக்க வேண்டும். அளவில் பிழை என்று மனுச் செய்தால் காலம் தாழ்த்தாமல் மறு அளவை செய்ய வேண்டும்.

அங்கத்தினர்களுக்கும் கடமை உண்டு. வரிச் சீட்டில் கண்ட பரப்பையும், கட்டிட வகையையும் இன்றே சரிபாருங்கள். தவறு இருப்பின் எழுத்து மூலம் விண்ணப்பித்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், செலுத்துவோருக்கு 5 சதவீதத் தள்ளுபடி உண்டு. அம்மாதங்களில் கைப்பணம் இல்லாத அங்கத்தினருக்குச் சிக்கன நிதியிலிருந்து சிறு கடன் அளிப்பதைச் சங்க நிர்வாகக் குழுக்கள் பரிசீலிக்கலாம். தனித்தனியே முணுமுணுப்பதை விடுத்து, சங்கத்தின் பெயரால் ஒரே மனுவாக நகராட்சிக்குச் செல்வோமாக.