அடிக்காமலே படிஞ்ச மணி!

எங்க வீட்டு மணி, மூணு மாசம் முன்னாடி தெருவுல இருந்து அம்மா கூட்டிட்டு வந்த நாட்டு நாய். சோறு வெச்சா வாலாட்டும். ஆனா யாராவது கையைத் தூக்கினா போச்சு! நான் தலை சீவ சீப்பை எடுத்தாக்கூட கட்டிலுக்கு அடியில பம்மிடும். எங்கே எவ்வளவு அடி வாங்குச்சோ, பாவம். ரேபிஸ் தடுப்பூசி வேற பாக்கி. பிடிக்கப் போனா உறுமுற நாயை எப்படி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது?

"அடியாத மாடு படியாதுடா. ரெண்டு போடு, சரியாகிடும்"னு அப்பா தீர்ப்பு சொல்லிட்டார். அரியர் வெச்சப்போ எனக்கும் இதே வைத்தியம்தான். படிஞ்சேனா? அரியர் இன்னும் அப்படியே இருக்கு மக்களே!

அப்பதான் கிளிக்கர் ட்ரெயினிங் கண்ணுல பட்டுச்சு. கிளிக்கர்னா பெரிய மெஷின் இல்ல. அமுக்கினா 'டக்'னு சத்தம் போடுற, உள்ளங்கையில அடங்குற குட்டி டப்பா. 'டக்'னா, 'இப்ப செஞ்சே பாரு, அது கரெக்ட்! தீனி வருது'னு அர்த்தம். அவ்வளவுதான்.

இந்த ஐடியா புதுசு இல்ல. உளவியல் அறிஞர் ஸ்கின்னர் 1951-லேயே இதைப் பத்தி எழுதிட்டார். 1960-கள்ல ஹவாய் தீவுகள்ல கேரன் பிரையர், டால்ஃபின்களுக்கு விசில் ஊதியே வித்தை கத்துக்கொடுத்தாங்க. நீந்துற டால்ஃபினை கயிறு கட்டி இழுக்க முடியுமா, அடிக்கத்தான் முடியுமா? அந்த அனுபவத்தை வெச்சு 1984-ல 'டோன்ட் ஷூட் த டாக்'னு புத்தகம் போட்டாங்க. 1990-கள்ல நாய் வளர்க்கிறவங்க மத்தியில கிளிக்கர் செம ஹிட்!

சரி, பிஸ்கட் மட்டும் கொடுத்தா போதாதா? இங்கதான் டைமிங் மேட்டர். நாய் உட்காருது. நாம பாக்கெட்டைப் பிரிக்கிறதுக்குள்ள எழுந்துடுது. 'ஓ, எழுந்ததுக்குத்தான் பிஸ்கட்டா'னு அது நினைச்சுக்கும். 'டக்' சத்தம் சரியா அந்த நொடியை போட்டோ பிடிச்ச மாதிரி காட்டிக் கொடுத்துடும்.

என்கிட்ட கிளிக்கர் இல்ல. பால்பாயின்ட் பேனா இருந்துச்சு. சத்தமும் மெதுவா இருக்கும், பயந்த நாய்க்கு அதுதான் நல்லது. முதல் நாள் எந்த ஆர்டரும் போடல. டக், முட்டைத் துண்டு. டக், முட்டைத் துண்டு. பதினஞ்சு தடவை. பட்டாணி சைஸ் துண்டு போதும். (சாக்லேட், திராட்சை, வெங்காயம் மட்டும் கொடுத்துடாதீங்க. நாய்க்கு விஷம்!)

அடுத்த நாள் தரையில உட்கார்ந்து, உள்ளங்கையைத் தாழ்வா நீட்டினேன். மணி கையைப் பார்த்துச்சு... டக். ஒரு அடி முன்னாடி வந்துச்சு... டக். தினமும் ரெண்டு தடவை, மூணே மூணு நிமிஷம். நாலாம் நாள் மூக்கு கையில பட்டுச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு!

அந்தக் குஷியில அன்னிக்கே கையை சடார்னு உயர்த்தி டெஸ்ட் பண்ணினேன். மறுபடி கட்டிலடி. தப்பு என் மேலதான். ஒரு படி இறங்கி, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். தானா வந்து தொட ஆரம்பிச்ச பிறகுதான் 'தொடு'ங்கிற வார்த்தையையே சேர்த்தேன். இன்னொரு ரூல்: தெரியாம 'டக்' பண்ணிட்டாலும் தீனி கொடுத்தே ஆகணும். ஏமாத்தினா சத்தத்துக்கு மரியாதை போயிடும்.

மூணாவது வாரம் கழுத்துப் பட்டை மாட்ட விட்டுச்சு. அஞ்சாவது வாரம் டாக்டர்கிட்ட போனோம். நடுங்கிச்சுதான். நான் கையை நீட்டி 'தொடு'ன்னேன். மூக்கை வெச்சுக்கிட்டு முட்டையை நக்கிட்டு இருந்தப்பவே டாக்டர் ஊசியைப் போட்டு முடிச்சுட்டார்!

போன ஞாயிறு காலையில ஹால்ல 'டக்... டக்'னு சத்தம். எட்டிப் பார்த்தா, அப்பா தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கார். ஒரு கையில என் பேனா, இன்னொரு கையில மணியோட மூக்கு. பழமொழி எதுவும் சொல்லல.

என் அரியர் ரிசல்ட் வர்ற அன்னிக்கும் அவர் கையில அந்தப் பேனாவே இருக்கணும்னு வேண்டிக்குங்க ஃப்ரெண்ட்ஸ்!