இருபது வில்லுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கழக்கூட்டம். திருவிதாங்கூர் வரலாற்றில் எட்டு வீட்டில் பிள்ளைமார் கதை வரும்போது இந்த ஊரின் பெயரும் கூடவே வரும். 1990-இல் டெக்னோபார்க் வந்தபிறகு ஊரின் அடையாளமே மாறிவிட்டது. இன்று அங்கே எழுபதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். படித்தவர்கள், மாதச் சம்பளக்காரர்கள். 'பிரதித்வனி' என்ற பெயரில் அமைப்பு வைத்துக்கொண்டு, தாங்களே எடுத்த குறும்படங்களுக்கு விழாவும் நடத்துகிறார்கள். கலைக்குக் காது கொடுக்காத கூட்டம் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது.

அப்படிப்பட்ட ஊரில், இருபது பேர் கொண்ட ஒரு இசைக்குழுவுக்கு மாதச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியுமா?

கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு 'முடியும்' என்று பதில் சொல்லக்கூடிய இந்திய நகரங்களை எண்ண ஒரு கை விரல்கள் கூட வேண்டாம். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் முழுநேரத் தொழில்முறை சிம்பொனி குழு என்று இந்தியாவில் சொல்லிக்கொள்ள இருப்பது ஒன்றே ஒன்று. அது மும்பையில் இருக்கிறது. அதைவிடச் சிறிய, அதைவிடச் செலவு குறைந்த 'சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா' ஏன் ஊருக்கு ஒன்றாக முளைக்கவில்லை?

சேம்பர் என்றால் அறை. நூறு பேர் மேடையை அடைத்துக்கொண்டு வாசிப்பது சிம்பொனி. பிரபுவின் மாளிகைக் கூடத்துக்குள் அடங்கும் அளவுக்கு இருபது, முப்பது பேர் வாசிப்பது சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா. பத்துப் பன்னிரண்டு வயலின்கள், நாலைந்து வியோலா, மூன்று செல்லோ, ஒன்றிரண்டு டபுள் பாஸ். தேவைப்பட்டால் இரண்டு ஓபோ, இரண்டு கொம்பு. இருவருக்கு ஒரு நோட்டு ஸ்டாண்ட். உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தைப் புரட்ட வேண்டும், மற்றவர் வாசிப்பதை நிறுத்தக் கூடாது. வில்லை எந்த இடத்தில் மேலே இழுப்பது, எந்த இடத்தில் கீழே இழுப்பது என்பதை முதல் வயலின்காரர் தீர்மானிப்பார். மற்றவர்கள் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். கண்டக்டர் இல்லாமலே கூட வாசிப்பார்கள். முதல் வயலின்காரரின் மூச்சும் தலையசைப்பும் போதும்.

இந்த ஒழுங்கு ஒரே இரவில் வருவதில்லை. பெரிய குழுவில் ஒருவர் தப்பாக வாசித்தால் கூட்டத்தில் கரைந்துவிடும். இருபது பேரில் ஒருவர் தவறினால் கடைசி வரிசைக்கும் கேட்கும். அதனால்தான் இங்கே அடிக்கடி ஆளை மாற்ற முடியாது. ஒரே குழு ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வாசிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வாசிக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் சம்பளம் வர வேண்டும். இந்தக் கலையின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

முதலில் சம்பளம் கொடுத்தவர்கள் ராஜாக்கள். 1761 மே மாதம் ஜோசப் ஹைடன் எஸ்டர்ஹாசி இளவரசரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. சீருடை அணிய வேண்டும். வெள்ளைக் காலுறை போட வேண்டும். தினமும் இருமுறை வந்து நின்று, இன்று இசை உண்டா என்று உத்தரவு கேட்க வேண்டும். எழுதும் இசை எல்லாம் இளவரசருக்கே சொந்தம். இன்றைய சாஃப்ட்வேர் கம்பெனி ஒப்பந்தத்தைப் படித்தவர்களுக்கு அந்தக் கடைசி ஷரத்து புதிதாக இருக்காது.

1772-இல் இளவரசர் கோடை மாளிகையை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் நாட்களைக் கடத்தினார். வாத்தியக்காரர்களின் மனைவி மக்களோ வேறு ஊரில். ஹைடன் மனு எழுதவில்லை. ஒரு சிம்பொனி எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு வாத்தியக்காரராக வாசித்து முடித்து, மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போனார்கள். முடிவில் மிஞ்சியவை இரண்டே வயலின்கள். இளவரசருக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே எல்லோரும் ஊர் திரும்பினார்கள் என்பது வரலாறு. இசையுலகின் மிக நாகரிகமான தொழிற்சங்கப் போராட்டம் இதுதான்.

ஆனால் அதே ஏற்பாட்டின் பலவீனமும் சீக்கிரமே வெளிப்பட்டது. 1790-இல் இளவரசர் நிக்கோலாஸ் இறந்தார். வாரிசுக்கு இசையில் நாட்டமில்லை. குழு கலைக்கப்பட்டது. ஹைடனுக்குப் பென்ஷன் கிடைத்தது. லண்டனுக்குப் போய் இன்னும் பெரிய புகழும் சேர்த்தார். மற்றவர்கள் பிழைப்பைத் தேடிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் ராஜாக்கள் போனார்கள். மூன்று வழிகள் பிறந்தன. லண்டனில் 1958-இல் நெவில் மாரினர் தொடங்கிய 'அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ்' வாசித்த நாளுக்குக் கூலி என்ற முறையில் வளர்ந்தது. இசைத்தட்டுகள்தான் அதற்குச் சோறு போட்டன. 1984-இல் வந்த 'அமேடியஸ்' படத்தில் கேட்பது அந்தக் குழுவின் வாசிப்புதான். நியூயார்க்கின் 'ஆர்ஃபியஸ்' 1972-இல் தொடங்கியது. அங்கே கண்டக்டரே கிடையாது. எப்படி வாசிப்பது என்பதை உறுப்பினர்கள் முறைவைத்துப் பொறுப்பேற்றுத் தீர்மானிக்கிறார்கள். மூன்றாவது வழி, அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில் 1959-இல் அமைந்த குழு. அங்கே முழுநேர வேலை, முறையான சம்பளம்.

அந்த மூன்றாவது வழியும் முள்ளில்லாத பாதையல்ல. 2012 அக்டோபரில் செயின்ட் பால் நிர்வாகம் நஷ்டத்தைக் காட்டி, புதிய ஒப்பந்தம் படியாத நிலையில் வாத்தியக்காரர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்தது. கதவு திறக்க 2013 ஏப்ரல் ஆயிற்று. முப்பத்து நாலு இடங்கள் இருபத்தெட்டாயின, சம்பளமும் குறைந்தது. பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி.

காரணம் நிர்வாகத்தின் திறமைக்குறைவு மட்டுமல்ல. 1966-இல் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் இந்த நோயைக் கண்டுபிடித்து எழுதினார்கள். தொழிற்சாலையில் அன்று நூறு பேர் செய்த வேலையை இன்று பத்துப் பேர் செய்கிறார்கள். அதனால் சம்பளத்தை உயர்த்த முடிகிறது. ஆனால் பீத்தோவன் எழுதிய நால்வர் இசைக்கு அன்றும் நாலு பேர், இன்றும் நாலு பேர். நேரமும் அதே நேரம்தான். வேகமாக வாசித்து உற்பத்தியைப் பெருக்க வழியில்லை. ஆனால் வாசிப்பவர் வாங்கும் அரிசியும் கட்டும் வாடகையும் மற்றவர்களுக்கு எந்த விலையோ அந்த விலைதான். ஆகவே டிக்கெட் வசூல் மட்டும் ஒரு நாளும் செலவை ஈடுகட்டாது. வசூலுக்கும் செலவுக்கும் நடுவில் விழும் பள்ளத்தை யாராவது நிரப்பியே ஆக வேண்டும்.

கழக்கூட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் துலக்கமாகத் தெரியும். ஒருமுறை எழுதிய புரோகிராமை லட்சம் பேருக்கு விற்கலாம் என்பதுதான் அந்த ஊரின் செல்வத்துக்கு அடிப்படை. ஒருமுறை வாசித்த இசையை மறுநாள் மறுபடி வாசித்தே ஆக வேண்டும் என்பது இசைக்குழுவின் வறுமைக்கு அடிப்படை.

இந்தியாவில் அந்தப் பள்ளத்தை நிரப்பியவர்கள் யார்? பம்பாயில் மெஹ்லி மேத்தா 1935-இல் ஒரு சிம்பொனி குழுவை ஆரம்பித்தார். 1962 முதல் அதே நகரில் பாம்பே சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா இயங்கியது. பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்காக வாசித்தவர்களின் குழு. கோவாவிலிருந்து வந்த அசல் தொழில்காரர்களுக்கோ சோறு போட்டது சினிமா. அவர்களில் ஒருவரான அந்தோணி கொன்சால்வஸ் 1958-இல் சொந்தமாக ஒரு சிம்பொனி குழுவே கூட்டிப் பார்த்தார். லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் பாடியும் அது நிலைக்கவில்லை.

2006-இல்தான் மும்பை என்.சி.பி.ஏ.வின் தலைவர் குஷ்ரூ சன்டூக், கஜகஸ்தான் வயலின் மேதை மராட் பிசெங்காலியெவுடன் சேர்ந்து 'சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா'வைத் தொடங்கினார். 2019-இல் இங்கிலாந்து நகரங்களில் சுற்றி வந்து நல்ல பெயர் வாங்கியது. ஆனால் பெரிய கச்சேரி என்றால் கஜகஸ்தானிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் ஆட்கள் விமானம் ஏற வேண்டியிருந்தது. நிரந்தரமாக மும்பையில் இருக்கும் இந்தியர்கள் சிறு எண்ணிக்கைதான். அதனால்தான் 2012-இல் அதே நிறுவனம் குழந்தைகளுக்கான இசைப்பள்ளியைத் திறந்தது. விதை நெல்லைச் சேர்க்காமல் அறுவடைக்கு வந்துவிட்டோம் என்று உணர்ந்ததன் அடையாளம் அது.

தெற்கில் கதை வேறு. இங்கே வாசிப்பவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சென்னை கோடம்பாக்கத்தின் ரிக்கார்டிங் தியேட்டர்கள்தான், பெயர் வைக்காத தொழில்முறை இசைக்குழுக்கள். நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் வயலின்காரர்கள், கால்ஷீட் கணக்கில் சம்பளம், காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம். மலையாளப் படங்களுக்கும் அவர்கள்தான் வாசித்தார்கள். 1980-இல் யேசுதாஸின் தரங்கிணி திருவனந்தபுரத்துக்கு வரும்வரை கேரளத்துப் பாட்டுக்கள் ரயிலேறிச் சென்னைக்குத்தான் வர வேண்டியிருந்தது. 1986-இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இந்தக் கூட்டத்தின் திறமைக்குச் சாட்சி. அதில் தனி வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பின்னர் 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்' என்ற நால்வர் குழுவை அமைத்துக் கர்நாடகக் கீர்த்தனைகளுக்கு அந்த வடிவம் கொடுத்தார்.

பிறகு சிந்தசைசர் வந்தது. நாற்பது வயலின் செய்ததை ஒரு விசைப்பலகை செய்தது. கால்ஷீட் குறைந்தது. குறையும்போது யாரும் மெழுகுவத்தியை அணைத்துக் காட்டவில்லை. சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். விளைவு என்ன? தமிழில் தந்திக் கருவிகளுக்கு இவ்வளவு எழுதிய இளையராஜா, 1993-இல் சிம்பொனிக்காக லண்டன் போனார். 2005-இல் 'திருவாசகம்' செய்ய புடாபெஸ்ட் குழு வேண்டியிருந்தது. 2025 மார்ச் 8 அன்று 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியதும் லண்டனில்தான். எழுதியவர் பண்ணைப்புரத்துக்காரர், வாசிக்க ஊரில் ஒரு நிலையான குழு இல்லை. ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் சென்னையில் இசைக் கல்லூரி தொடங்கி, வசதியற்ற குழந்தைகளைச் சேர்த்து 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா' அமைத்தது இந்தக் குறையைப் புரிந்துகொண்ட ஒரு முயற்சி.

அரசாங்கமே சம்பளம் கொடுத்த உதாரணமும் உண்டு. 1952-இல் ஆல் இந்தியா ரேடியோ டெல்லியில் 'வாத்ய விருந்தா' என்ற தேசிய இசைக்குழுவை அமைத்தது. ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும் அதை நடத்தினார்கள். வீணையும் வயலினும் சிதாரும் ஒன்றாக உட்கார்ந்து, எழுதிவைத்த நோட்டைப் பார்த்து வாசித்தார்கள். ராகத்துக்கு எத்தனை பேர் என்று அன்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் வாத்தியக்காரருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் என்பதை இந்த நாட்டில் சாதித்துக் காட்டியது அதுதான்.

இதெல்லாம் அந்நியச் சரக்கு, கேரளத்துக்கு எதற்கு என்று கேட்பவர்கள் கழக்கூட்டத்திலிருந்து கோட்டைவரை ஒரு நடை போய் வரலாம். சுவாதித் திருநாள் அரசவையில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலின் வாசித்தார். 1834-இல் அரசர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்னால்தான் பாலுசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் ஐரோப்பியர்களிடமிருந்து அந்த வாத்தியத்தைக் கற்றிருந்தார். ஒரு தலைமுறைக்குள் அந்நிய வாத்தியம் நம் வாத்தியமாயிற்று. கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் மேலே மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு ஒலியைச் சீராக்கியிருக்கிறார்கள். கைதட்டல் கிடையாது. அறைக்குள் அமர்ந்து, அமைதியாகக் கேட்கும் இசை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான அர்த்தம் ஐரோப்பாவிலும் கிடைக்காது.

ராஜா இல்லாத காலத்தில் சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவுசெலவோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வயலின் அதில் சேருமா என்று ஆடிட்டர்கள் தலையைச் சொறியலாம். அவர்களுக்கு வடிவேலுவின் கதையைச் சொல்லலாம்.

பணம் மட்டும் போதாது என்பதும் உண்மை. ஒரே ஆண்டுக்கு ஸ்பான்ஸர் கிடைத்தால் அது விழா. பத்து ஆண்டுக்குக் கிடைத்தால்தான் அது குழு. கூடவே பள்ளிக்கூடம் வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்தால் கேட்கக்கூடிய நல்ல கூடம் வேண்டும். பாக், மொசார்ட்டோடு நின்றுவிடாமல் இந்த மண்ணுக்காக எழுதும் இசையமைப்பாளர்களும் வேண்டும். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் எத்தனையோ குழந்தைகள் லண்டன் டிரினிட்டி பரீட்சைகளைக் கிரேடு கிரேடாக எழுதித் தேறுகிறார்கள். கடைசி சர்டிஃபிகேட் வந்ததும் வயலின் பெட்டிக்குள் போகிறது. குழந்தை இன்ஜினீயரிங் காலேஜுக்குப் போகிறது. பிறகு கழக்கூட்டத்துக்கு வேலைக்கு வந்து சேர்கிறது.

அப்படி வந்து சேர்ந்தவர்களில் இருபது பேர் டெக்னோபார்க்கிலேயே கிடைக்கலாம். அவர்கள் பெட்டியைத் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் திறமையில்லாமை அல்ல. வயலின் வாசித்து வாடகை கொடுக்க முடியும் என்று இதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.