யோசனைக்கு நாற்காலி, ஓட்டுக்கு இடமில்லையா?

நியூயார்க் நகரத்துச் சுரங்க ரயில், பஸ், புறநகர் ரயில் ஆகியவைகளை நடத்தும் நிர்வாகத்திற்குப் பிரயாணிகளின் குறைகளையும் யோசனைகளையும் எடுத்துச் சொல்வதற்கென்று, 1981-ம் வருஷத்தில் அந்த மாகாண சட்டசபை சட்டம் செய்து பிரயாணிகள் சபைகளை ஏற்படுத்திற்று. அங்கத்தினர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்களும் தினம் டிக்கெட் வாங்கி ஏறி இறங்குகிறவர்களே. பிற்காலத்தில் நிர்வாக போர்டிலேயே அவர்களுடைய பிரதிநிதிக்கு நாற்காலியும் கிடைத்தது.

இது நல்ல காரியம் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், அந்த நாற்காலிக்கு ஓட்டு உண்டா என்றால், இல்லை! கட்டணம் உயரும்போது பிரதிநிதி பேசலாம். கை தூக்க முடியாது. சமைத்து முடித்து இலையும் போட்ட பிறகு, உப்பு எவ்வளவு போடலாம் என்று சாப்பிடுகிறவனைக் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மேலும், போர்டு மெம்பர்களை நியமிப்பவரும் கவர்னர். பிறர் சிபார்சின் பேரில் இச்சபையாரை நியமிப்பவரும் கவர்னரே.

"ரயில் நடத்துவது நிபுணர் வேலை, பாமரனுக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். சிக்னல் விஷயம் இஞ்சினீயருக்குத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால், வண்டி வராமல் எவ்வளவு நேரம் நின்றோம் என்பது நின்றவனுக்கல்லவா தெரியும்?

1904-ல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்க ரயிலுக்கு இன்று 472 ஸ்டேஷன்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் லிப்ட் இல்லை, படிக்கட்டுதான். சக்கர நாற்காலியில் செல்பவர் என்ன செய்வார்? யோசனை சொல்லும் சபை இருக்கும்போதே அவர்கள் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது. வழக்கின் பேரில்தான், 2055-க்குள் நூற்றுக்கு 95 ஸ்டேஷன்களைச் சரிசெய்வதாக 2022-ல் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. யோசனைக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் இதுதான்.

லண்டன் நகரத்தில், 1999-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட பிரயாணிகள் கமிட்டியை நியமிப்பதும் அதற்குப் பணம் கொடுப்பதும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த லண்டன் அசெம்பிளி. ரயில் பஸ் நடத்தும் நிர்வாகமல்ல. அக்கமிட்டிக்கும் உத்தரவு போடும் அதிகாரமில்லை. ஆயினும், குறை சொல்லப்படுகிறவன் தயவில் குறை சொல்லுகிறவன் பிழைக்க வேண்டியதில்லை என்கிற அளவுக்கு அது மேலானது.

ஆகவே, எந்த ஊரிலாவது "உங்களுக்கும் ஒரு ஆலோசனைக் கமிட்டி" என்று சொல்லப்பட்டால், பொதுஜனங்கள் நாற்காலியைக் கண்டு மயங்காமல் மூன்று கேள்விகள் கேட்க வேண்டுகிறோம். எங்கள் ஆளை நியமிப்பது யார்? கமிட்டிக்குப் பணம் யாருடையது? எங்கள் யோசனையைத் தள்ளினால், காரணத்தை எழுத்தில் தர நிர்வாகம் கடமைப்பட்டதா? இம்மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் உட்காருங்கள். உட்கார்ந்த பின் ஓட்டையும் கேளுங்கள். பதில் வராவிட்டால், அது உங்களை உட்காரவைத்து வாயடைக்கப் போட்ட நாற்காலி என்று தெரிந்துகொள்ளுங்கள்.